சோளமும் சோறும் சொன்ன வரலாறு

தாயகம் விட்டுத் தலைநகருக்கு வந்த தமிழர் உடையை விரைவில் மாற்றிக்கொள்கின்றனர். பேச்சில் நாலு இந்திச் சொற்களைக் கலந்துகொள்கின்றனர். உணவை மட்டும் எளிதில் விடுவதில்லை. ஆயினும் தில்லிக் குளிரும் அலுவலக நேரமும் நம் அடுப்பங்கரைக்குள் மெல்ல நுழைந்து, ஒருவேளைச் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தியை அமர்த்திவிட்டன. அன்று முதல் கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் நம்மவர் கூடுமிடந்தோறும் ஒரு வழக்கு நடந்துவருகிறது: அரிசி உயர்ந்ததா, கோதுமை உயர்ந்ததா? அண்மையில் சோளமும் கம்பும் மூன்றாங் கட்சியாக வந்து சேர்ந்துள்ளன.

எந்தத் தானியத்தில் எந்தச் சத்து எவ்வளவு என்று கணக்கிட்டுத் தீர்ப்புக் கூறிவிடலாம் என்பது நம்மில் பலர் எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதை ஒரு நோயின் வரலாறு உலகுக்கு உணர்த்தியிருக்கிறது. அவ்வரலாறு ஐரோப்பாவில் தொடங்கி, அமெரிக்கா வழியே நம் நீலகிரிக் குன்னூருக்கு வந்து, ஐதராபாத்தில் தங்கி, இத்தில்லி மாநகரையும் தொட்டது. நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் வரலாறு அது. பி தொகுதி உயிர்ச்சத்துக்களில் மூன்றாவதாக அது எண்ணப்படுகிறது.

செம்மேனி நோய்

1735-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் ஆஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் ஏழைக் குடியானவரிடையே ஒரு புதிய நோயைக் கண்டார். வெயில் படுகின்ற கைகளிலும் பாதங்களிலும் தோல் சிவந்து, கறுத்து, வெடித்து உரிந்தது. கழுத்தைச் சுற்றி ஆரம் பூண்டாற்போல் ஒரு தடம் படர்ந்தது. அத்தடம் இன்றும் ‘காசால் ஆரம்’ என்றே மருத்துவ நூல்களில் வழங்குகிறது. தோலோடு நோய் நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்தது, பின்னர்ச் சித்தம் கலங்கியது, முடிவில் உயிர் பிரிந்தது. 1771-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ பிரபோல்லி இதற்குப் ‘பெல்லாகிரா’ என்னும் பெயரை வழங்கினார். கரடுமுரடான தோல் என்பது அதன் பொருள்.

நோயாளிகள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது மக்காச்சோளம். கொலம்பஸின் பயணத்திற்குப்பின் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த அத்தானியம் நன்கு விளைந்தது, விலை மலிவாயிருந்தது, ஆகவே ஏழையின் ஒரே உணவாயிற்று. அப்படியானால் மக்காச்சோளத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டுவந்த மெக்சிகோ மக்களுக்கு இந்நோய் ஏன் வரவில்லை? இக்கேள்விக்கு விடை கிடைக்க இருநூறு ஆண்டுகள் சென்றன. அவர்கள் தானியத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு அம்முறை விந்தையாகத் தோன்றாது. ஐரோப்பியர் விதையைக் கொண்டுவந்தனர். சமைக்கும் முறையைக் கொண்டுவரவில்லை.

கிருமியா, வறுமையா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெருகியது. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இதனால் மடிந்தனர் என்று கணிக்கப்படுகிறது. இது தொற்றுநோய் என்றே அறிஞர் பலர் நம்பினர். 1914-இல் அந்நாட்டு அரசு இதனை ஆராயும் பொறுப்பை ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவரிடம் ஒப்படைத்தது. அவர் அநாதை இல்லங்களையும் மனநோய் விடுதிகளையும் பார்வையிட்டு, ஓர் எளிய உண்மையைக் கண்டுகொண்டார். விடுதியில் இருப்போருக்கு நோய் வந்தது. அவர்களோடு நாள்முழுதும் பழகும் பணியாளருக்கு வரவில்லை. ஒட்டுவதாயின் இருவரையும் அன்றோ ஒட்டவேண்டும்? ஆனால் இருவர் தட்டிலும் உணவு ஒன்றாக இல்லை.

பாலும் இறைச்சியும் முட்டையும் பயறும் கொடுத்தவுடன் அநாதைக் குழந்தைகள் தேறினர். 1915-இல் மிசிசிப்பி மாநிலச் சிறைப் பண்ணையில், விடுதலை வாக்குறுதி பெற்று உடன்பட்ட கைதிகளுக்கு மாவுப்பொருளே மிகுந்த உணவு அளிக்கப்பட்டது. அவர்களில் 6 பேருக்கு நோய் தோன்றிற்று. அப்போதும் ஐயப்பட்டவர்கள் ஓயவில்லை. 1916-இல் கோல்ட்பெர்கரும் அவருடைய துணைவியாரும் நண்பர்களும் நோயாளியின் இரத்தத்தையும் கழிவுகளையும் தங்கள் உடலில் ஏற்றுக்கொண்டு காட்டினர். எவருக்கும் நோய் வரவில்லை. பின்னர் அவரும் பொருளியல் அறிஞர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கரும் தென் கரோலினாவின் பஞ்சாலைச் சிற்றூர்களில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, வருமானம் குறையக் குறைய நோய் கூடுவதைக் காட்டினர். கிருமியென்றால் மருந்து தேடலாம். வறுமையென்றால் ஊராள்வோர் நாண வேண்டும். அவரை எதிர்த்தவர்களின் சினத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

உணவில் இல்லாத அப்பொருள் யாதென்று அறியாமலே 1929-இல் கோல்ட்பெர்கர் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, 1937-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வெஜம் அதனைக் கண்டார். நாய்களுக்கு இந்நோயை ஒத்த ‘கருநாக்கு’ என்னும் பிணி வருவதுண்டு. அதனை நிக்கோடினிக் அமிலம் விரைவில் குணமாக்கிற்று. மனிதரையும் அது குணமாக்கியது. வியப்பு என்னவெனில், அப்பொருளை வேதியியலார் எழுபது ஆண்டுகளாக அறிந்திருந்தனர். புகையிலையின் நிக்கோடினைச் சிதைத்து அதனை முதலில் எடுத்தமையால் அப்பெயர் வந்தது. பெரிபெரிக்கு மருந்து தேடிய காசிமிர் பங்க் என்பார், அரிசித் தவிட்டிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்திருந்தார். பெரிபெரிக்கு உதவாமையால் அது ஒதுக்கப்பட்டது. ஒரு நோய்க்கு உதவாத பொருள் மற்றொரு நோய்க்கு அமுதமாகும் என்று எவரும் எண்ணவில்லை. உணவில் புகையிலை கலப்பதாக மக்கள் அஞ்சாதிருக்கும் பொருட்டு, 1940-களில் ‘நியாசின்’ என்னும் பெயர் வழக்குக்கு வந்தது.

குன்னூரில் எழுந்த ஐயம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1918-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து உணவூட்ட ஆராய்ச்சிசாலையாயிற்று. 1935-இல் அதன் தலைமையை ஏற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், அதற்குமுன் ருமேனியாவில் பெல்லாகிரா பரவிய சிற்றூர்களின் உணவை ஆராய்ந்தவர். எல்வெஜமின் கண்டுபிடிப்பு வெளியானவுடன், குன்னூரில் அவரும் எம். சுவாமிநாதனும் தானியங்களில் நிக்கோடினிக் அமிலம் எவ்வளவு என்று அளக்கலாயினர். இந்தச் சுவாமிநாதன் உணவியல் அறிஞர்; வேளாண்மை அறிஞராகிய எம். எஸ். சுவாமிநாதன் வேறு.

1940-இல் வெளியான அவர்களது ஆய்வு ஒரு புதிரை முன்வைத்தது. தீட்டிய அரிசியில் உள்ள நிக்கோடினிக் அமிலம் மக்காச்சோளத்தில் உள்ளதை விட மிகுதியில்லை; குறைவென்றே சொல்லலாம். ஆனால் மக்காச்சோளம் உண்பவருக்கு நோய் வருகிறது. சோறுண்ணும் தென்னாட்டு ஏழைக்கு வேறு குறைகள் ஆயிரம் வந்தாலும் பெல்லாகிரா வருவதில்லை. சத்து குறைவதே நோயின் காரணமென்றால், குறைந்த சத்துள்ள சோறு எவ்வாறு காக்கிறது? பாலின் நிலையும் இதுவே. ஒரு டம்ளர் பாலில் கால் மில்லிகிராம் நியாசின்கூட இல்லை. அத்தகைய பாலைக் கொடுத்தே கோல்ட்பெர்கர் நோயைத் தடுத்தார்.

இப்புதிருக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. மக்காச்சோளத்தில் நியாசின் இருப்பினும் அதில் பெரும்பகுதி வேறு பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. குடலால் அதனைப் பிரித்தெடுக்க இயலுவதில்லை. சுண்ணாம்பு நீர் அப்பிணைப்பை அவிழ்க்கிறது. மெக்சிகோ மூதாட்டியர் காரணம் அறியாமலே காரியத்தை அறிந்திருந்தனர். இது முதல் விடை. இரண்டாவது விடையை 1945-இல் எல்வெஜமின் குழுவினரே தந்தனர். புரதத்தில் உள்ள டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உடல் தானே நியாசினை ஆக்கிக்கொள்கிறது. அரிசியின் புரதத்திலும் பாலிலும் பருப்பிலும் டிரிப்டோபேன் போதிய அளவு உண்டு. மக்காச்சோளத்திலோ அது மிகக் குறைவு.

உடலாகிய இல்லம்

இவ்விடத்தில் சற்று நின்று, இச்சத்தை உடல் எவ்வாறு ஈட்டுகிறது, செலவிடுகிறது, சேர்த்துவைக்கிறது என்று காண்போம். வருவாய்க்கு வழிகள் இரண்டு. உணவில் உள்ள நியாசின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்படுவது ஒன்று. டிரிப்டோபேனிலிருந்து ஈரலில் ஆக்கப்படுவது மற்றொன்று. 60 மில்லிகிராம் டிரிப்டோபேன் ஏறத்தாழ 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஈடு. நல்ல புரதத்தில் நூற்றில் ஒரு பங்கு டிரிப்டோபேன் என்று கொண்டால், நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் உண்பவருக்கு அதிலிருந்தே 10 மில்லிகிராம் நியாசின் கிடைக்கக்கூடும். வளர்ந்த ஒருவரின் தேவை நாளொன்றுக்கு 14 முதல் 16 மில்லிகிராம் வரைதான். ஆனால் இத்தொழில் நடைபெற பி6, ரைபோபிளேவின், இரும்பு ஆகியவை துணைநிற்க வேண்டும். அவற்றில் ஒன்று இல்லையேனும் வேலை தடைப்படும்.

செலவோ ஓயாத செலவு. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நியாசின் என்.ஏ.டி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு துணைப்பொருளாகிறது. உணவு எரிந்து ஆற்றலாக மாறும்போது ஹைட்ரஜனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வது அதன் வேலை. நானூறுக்கு மேற்பட்ட வேதிவினைகளில் அது ஈடுபடுகிறது. எனவே விரைவில் தேய்ந்து புதுப்பிக்கப்படும் தோலும் குடலும், ஆற்றலை இடையறாது வேண்டும் மூளையும் முதலில் வாடுகின்றன. காசால் கண்ட மூன்று துன்பங்களுக்கும் காரணம் இதுவே.

சேமிப்புத்தான் மிகக் குறைவு. ஏ உயிர்ச்சத்தை ஈரல் மாதக்கணக்கில் காத்துவைக்கிறது. நியாசினுக்கு அத்தகைய குதிர் இல்லை. உயிரணுக்களில், சிறப்பாக ஈரலில், என்.ஏ.டி. வடிவில் உள்ளதே கையிருப்பு. மிஞ்சியதை ஈரல் வேறு பொருளாக மாற்றச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. வருவாய் நின்றால் சில வாரங்களிலேயே வறுமை வெளிப்படத் தொடங்கும். இவ்வகையில் நம் உடல் அன்றாடங்காய்ச்சியின் இல்லத்தை ஒத்தது.

ஐதராபாத்தில் ஒரு புதிய புதிர்

1958-இல் குன்னூர் ஆராய்ச்சிசாலை ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அறிஞர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. தக்காணப் பீடபூமியின் கூலித்தொழிலாளர் பலர் தோல் கறுத்து மருத்துவமனைகளுக்கு வந்தனர். சித்தம் கலங்கி மனநோய் விடுதிகளுக்கும் வந்தனர். நோய் பெல்லாகிராவே. ஆனால் அவர்கள் உண்டது மக்காச்சோளமன்று; வடக்கே ஜுவார் எனப்படும் நம் நாட்டுச் சோளம். அதில் நியாசின் பிணைந்து கிடக்கவில்லை. டிரிப்டோபேனும் மக்காச்சோளத்திற் போல் குறைவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைத்த விளக்கங்கள் இரண்டும் இங்குப் பொருந்தவில்லை.

இதனை ஆராய்ந்தவர்களுள் முதல்வர் டாக்டர் சி. கோபாலன். 1918-இல் சேலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, குன்னூரில் பணியேற்று, ஆராய்ச்சிசாலையோடு ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தவர். மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றை அவரும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தையாவும் கண்டனர். இரண்டிலும் லூசின் என்னும் அமினோ அமிலம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. டிரிப்டோபேன் நியாசினாகி, அது என்.ஏ.டி. ஆகும் வழியை லூசின் மிகுதி குலைக்கிறது என்பது அவர்கள் கருத்து. 1960-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியாயிற்று. பின்னர் பவானி பெலவாடி முதலியோர் நாய்களில் செய்த சோதனைகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. ஐசோலூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் லூசினின் தீங்கைக் குறைப்பதும், பி6 உயிர்ச்சத்துக்கு இதில் பங்குண்டு என்பதும் அங்கேயே ஆராயப்பட்டன. லூசின் குறைந்த சோள வகைகளும் அடையாளம் காணப்பட்டன.

வேறு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சில இம்முடிவை முழுதும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலிகளில் செய்த சோதனைகள் இடத்துக்கு இடம் மாறுபட்டன. விவாதம் நெடுங்காலம் நடந்தது. ஆயினும் ஐதராபாத் அறிஞர் உலகுக்கு வற்புறுத்திய அடிப்படை உண்மை நிலைத்தது. ஒரு சத்தின் அளவை மட்டும் கண்டு உணவை மதிப்பிட இயலாது. அதனோடு எவை சேர்ந்திருக்கின்றன, எவை மிகுந்திருக்கின்றன, எவை குறைந்திருக்கின்றன என்பதையும் காண வேண்டும். அந்த ஆராய்ச்சிசாலையே 1969 முதல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தில்லியில்

1974-இல் கோபாலன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகித் தில்லிக்கு வந்தார். அன்சாரி நகரில் உள்ள அக்கழகத்தின் வாயிலை நம்மவர் பலர் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்குச் செல்லும் வழியில் கண்டிருக்கலாம். 1980-இல் அவர் இந்திய உணவூட்ட அறக்கட்டளையை இந்நகரிலேயே நிறுவினார். வேலைதேடி ஊர் ஊராகச் சென்ற தமிழருள் அவரும் ஒருவர். சேலத்திலிருந்து தலைநகர் வரை அவர் சென்ற வழியெல்லாம் ஏழையின் தட்டைப் பற்றிய ஒரே கேள்வியை உடன் கொண்டுசென்றார். 2019-இல், நூறு வயது நிறைந்தபின், சென்னையில் மறைந்தார்.

தக்காணத்தில் இன்று பெல்லாகிரா அரிதாகிவிட்டது. சோளத்தை மட்டும் உண்டு வாழ்வோர் குறைந்தனர். 1983-இல் ஆந்திரப் பிரதேசத்தில் கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டம் வந்தபின், கூலியாளின் வீட்டிலும் அரிசி எளிதாயிற்று. ஆனால் நோய் முற்றும் ஒழிந்துவிடவில்லை; வேறு வாயில்கள் வழியே வருகிறது. மதுவுக்கு அடிமையாகி உணவை மறந்தவரிடம் தோன்றுகிறது. காசநோய்க்கு அளிக்கும் ஐசோநியசிட் என்னும் மருந்து பி6-ஐக் குறைப்பதால், மெலிந்த நோயாளிக்கு இக்கேடு நேரக்கூடும். மருத்துவர் அம்மருந்தோடு பைரிடாக்சின் மாத்திரையைச் சேர்த்துத் தருவதன் காரணம் இப்போது விளங்கும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கு அறையெடுத்துத் தங்கி, மூன்று வேளையும் வெறும் மாவுப்பண்டத்தால் வயிற்றை நிரப்பும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்களுக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஏழையின் உணவாயிருந்த சோளம் இன்று தில்லி அங்காடிகளில் அழகிய பைகளில் அமர்ந்திருக்கிறது. நாம் அதனை அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. பருப்பும் காயும் பாலும் உள்ள தட்டில் சோளரொட்டி நல்ல விருந்தாளி. தக்காணத்துக் கூலியாளின் தட்டில் அது தனித்திருந்தது, அத்தனிமைதான் நோயாயிற்று. தானியத்தின்மேல் பழிபோட்டுவிட்டால், அதனைத் தனித்திருக்கச் செய்த வறுமை தப்பிவிடும்.

நம் அடுப்பங்கரை

அரிசியா கோதுமையா என்னும் வழக்குக்கு இவ்வரலாறு கூறும் தீர்ப்பு யாது? தவிடு நீங்காத கோதுமை மாவில் நியாசின் மிகுதி. மைதாவில் அதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அரிசியிலும் தீட்டத்தீட்டச் சத்து குறைகிறது. புழுங்கலரிசியில் நிலைமை வேறு. நெல்லை உமியோடு புழுக்கும்போது தவிட்டின் சத்து உள்ளே இறங்குவதால், பச்சரிசியைவிட அதில் நியாசின் மிகுதியாய் எஞ்சுகிறது. சூட்டில் நியாசின் எளிதில் அழிவதில்லை. ஆனால் நீரில் கரைந்து போய்விடும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் சத்தையும் உடன் கொட்டுகிறோம். கஞ்சியில் உப்பிட்டுக் குடித்த நம் முன்னோர் அதனை வீணாக்கவில்லை.

வேர்க்கடலை நூறு கிராமில் சுமார் 12 மில்லிகிராம் நியாசின் உண்டு. தில்லிக் குளிர்காலத்தில் தெருமுனைதோறும் வறுத்து விற்கப்படும் அதனைவிட மலிவான துணை வேறு கிடைப்பது அரிது. மீனும் இறைச்சியும் உண்போருக்கு அவை சிறந்த வாயில்கள். நம்மவர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள ஒரு பொருள் சிதைந்து நியாசினாகிறது. ஆதலால் காலைக் காப்பியும் நம் வருவாயில் சிறு பங்கு சேர்க்கிறது; அதற்காக உணவைக் குறைத்துக் காப்பியைக் கூட்டுதல் பேதைமை. நியாசின் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் மிகுதியாக விழுங்குதலும் தீது. முகம் சிவந்து எரியும், பேரளவில் ஈரல் கெடும்.

சோற்றோடு சாம்பாரும் மோரும், இட்லியில் அரிசியோடு உளுந்தும், சப்பாத்தியோடு பருப்பும் சேர்ந்திருப்பது சுவைக்காக மட்டுமன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. காசால் முதல் கோபாலன் வரை அறிஞர் பலர் இருநூற்றைம்பது ஆண்டுகள் உழைத்துக் கண்ட உண்மை, நம் வீட்டு இலையில் நாள்தோறும் பரிமாறப்படுகிறது. நாம் கவலைகொள்ள வேண்டியது, சப்பாத்தி வந்து சோறு குறைந்ததைப் பற்றியன்று. பக்கத்தில் இருந்த பருப்பும் காயும் மோரும் விலையேற்றத்தாலோ நேரமின்மையாலோ தட்டைவிட்டு நீங்குவதைப் பற்றியே. நம் தட்டில் மட்டுமின்றி, நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவர் தட்டிலும், நம் தெருவில் கட்டடம் எழுப்புபவர் தட்டிலும் தானியம் தனித்திருக்கிறதா என்று நோக்குதல் நம் கடன்.